கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை: எந்த மாதத்தில் பாதை போடலாம்?

(வீடு வளவு – வாசகர் கேள்வி பதில்)

போன முறை மதில் வெடிப்பைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் மதிலைப் பற்றியே இல்லை, வளவுக்குள் வாகனம் போகிற பாதையைப் பற்றித்தான். கொங்கிறீட் போடலாமா, கல் பதிக்கலாமா, எப்போது போடலாம் என்று ஆளுக்கொரு மாதத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை ஐம்பது அடி நீளம், பத்து அடி அகலம். தீபாவளிக்கு முன் கொங்கிறீட் போட்டு முடித்துவிடலாம் என்கிறார் மேசன். இப்போது அவருக்கு வேறு வேலை இல்லையாம், கூலியிலும் குறைத்துத் தருகிறாராம். மனைவி தை கழியட்டும் என்கிறா. யார் சொல்வதைக் கேட்கிறது?
– கொக்குவில் வாசகர்

மனைவி சொல்வதைக் கேளுங்கள். இந்த விஷயத்தில் மட்டுமாவது.

ஐப்பசியில் மேசனுக்கு ஏன் வேலை இல்லை என்று யோசித்தீர்களா? விவரம் தெரிந்தவர்கள் அந்த மாதத்தில் வெளி வேலை கொடுப்பதில்லை, அதனால்தான். யாழ்ப்பாணத்துக்கு வருஷம் முழுவதும் கிடைக்கிற மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் சொச்சம். அதில் பெரும் பங்கு ஒக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கொழும்பில் இருக்கிறவர்கள் இரண்டு மழைக்காலத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்றுதான், அதனால் எங்கள் கணக்கு சுலபம். அப்படியிருந்தும் பிழைவிடுகிறோம்.

நானும் பிழைவிட்டவன்தான். திருநெல்வேலியில் என் வீட்டுப் பாதையை ஒரு புரட்டாதிக் கடைசியில் போட்டேன். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு மட்டம் தட்டி முடித்து, மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது கிழக்கே கறுத்தது. அரை மணித்தியாலம், அவ்வளவுதான் பெய்தது. தறப்பாள் எடுக்க ஓடினால் அது அயல் வீட்டில் நெல்லு மூடப் போயிருந்தது. அடுத்த நாள் பார்த்தால் மேலே இருந்த சீமெந்துப் பால் முழுக்கக் கழுவிக்கொண்டு கேற்றடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாதையில் மிஞ்சியது மணலும் சல்லியும். கையால் தேய்த்தாலே பொருபொருவென்று உதிர்ந்தது. ஆறு மாதத்தில் மேற்பரப்பு அம்மைத் தழும்பு போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

மேலே விழுகிற மழையையாவது தறப்பாளால் மறைக்கலாம், கீழே ஊறுகிற ஈரத்தை என்ன செய்வது? ஊறிய மண்ணை எத்தனை தரம் ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது, றப்பர் மாதிரி அமுங்கி மறுபடி எழும்பும். அதன் மேல் கொங்கிறீட் போட்டால், பங்குனியில் மண் காய்ந்து இறங்கும்போது கொங்கிறீட்டுக்குக் கீழே வெற்றிடம் விழும், ஒரு நாள் மணல் டிப்பர் உள்ளே வரும், படாரென்று குறுக்கே வெடிக்கும். அப்போது எல்லோரும் சீமெந்தைத்தான் குறை சொல்வார்கள். போதாததற்கு, மழைக்காலத்து மணல் தன்னோடு தண்ணீரையும் கொண்டு வரும். மேசன் வழக்கமான வாளிக் கணக்கில் தண்ணீர் விட்டால் கலவை கஞ்சியாகிவிடும். ஐம்பது கிலோ மூடை ஒன்றுக்கு மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இருபத்தைந்து லீற்றர் தண்ணீருக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். கூடக் கூட இழுத்துவிடச் சுகமாக இருக்கும், பலம் போய்விடும்.

இனி, ஏன் தை கழிய? மழை நிற்கிறது என்பது பாதிக் காரணம்தான். மிச்சப் பாதி கிணற்றில் இருக்கிறது. கொங்கிறீட் காய்ந்து இறுகுகிற பொருள் என்றுதான் நாங்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தண்ணீரைக் குடித்து இறுகுகிற பொருள். போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். உங்கள் பாதை ஐந்நூறு சதுர அடி, அதில் சுற்றிவர மண் அணை கட்டி ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கவே ஏறத்தாழ 1,200 லீற்றர் வேண்டும், அதையும் வெயில் குடிக்கக் குடிக்க நிரப்ப வேண்டும். தைக் கடைசியிலும் மாசியிலும் கிணறு நிரம்பி, தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும். வானம் வெளித்துவிடும். வாடைக் காற்றும் தளர்ந்துவிடும். விடியப்புறத்துப் பனி வேறு சும்மா கிடைக்கிற ஈரம், மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று சொல்வார்களே. கிணற்றில் தண்ணீரும் வானத்தில் வெளிச்சமும் ஒன்றாகச் சேருகிற காலம் எங்கள் ஊரில் இது ஒன்றுதான். பங்குனி நடுவரைக்கும் போகலாம். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும், சித்திரையில் பின்னேர இடிமழையும் எட்டிப் பார்க்கும், வருஷப் பிறப்புக்குப் போன வேலையாட்கள் எப்போது திரும்புவார்கள் என்பதும் தெரியாது.

பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடாதீர்கள். கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்று பழமொழி இருக்கிறது, ஆனால் அந்தப் பழமொழியை யாழ்ப்பாணத்து மழை கேட்டதில்லை. மார்கழியிலும் பெய்யும், சில வருஷம் தை முதல் பாதியையும் நனைத்துவிட்டுத்தான் போகும். தைக் கடைசி என்று வைத்துக்கொண்டால் பயமில்லை.

அதுவரை மேசனைச் சும்மா அனுப்ப வேண்டாம். குறைத்துத் தருகிற அந்தக் கூலிக்கு, மழை தொடங்க முன்னரே அடிமட்ட வேலையை முடிக்கச் சொல்லுங்கள். மேல்மண்ணை வேரோடு வழித்து எடுத்து, கிறவல் பரப்பி, இரண்டு தரமாக ரோலர் ஓட்டி விட்டால் போதும். அதன் மேல் இந்த மாரி முழுவதும் பெய்யட்டும். உங்கள் காரும் அதில் ஓடட்டும். அமுங்க வேண்டியது எல்லாம் அமுங்கிவிடும். அப்புறம் நல்ல மழை ஒன்று பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பாருங்கள், வெள்ளம் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கத்தால் போக விரும்புகிறது என்று. தேங்குகிற இடத்தில் எல்லாம் ஒரு தடியைக் குத்தி வையுங்கள். எந்த என்ஜினியரும் வெயிலில் நின்று கீறித் தர முடியாத படம் அது. தையில் அந்தத் தடிகளைப் பார்த்து மட்டம் பிடித்தால், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு எப்படிக் கொடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். கார் மட்டும் போகிறதென்றால் நாலு அங்குலத் தடிப்புப் போதும். டிப்பர், தண்ணீர் பவுசர் வருமென்றால் ஆறுக்குப் போங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, சல்லி மூன்று என்ற கலவையில் நாலு அங்குலத்துக்கு நாற்பது மூடைக்குக் கிட்டச் சீமெந்து போகும். பத்து அடிக்கு ஒரு தரம் குறுக்கே பிரிவு விட வேண்டும், இதை மட்டும் மேசனிடம் மூன்று தரம் சொல்லுங்கள். கொங்கிறீட் எப்படியும் சுருங்கும், எங்கே பிரியலாம் என்று நீங்கள் இடம் காட்டாவிட்டால் அது தனக்குப் பிடித்த இடத்தில் பிரியும். நாற்பது மூடையையும் ஐப்பசியிலேயே மலிவு என்று வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம், மாரி ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து கட்டி பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் பலம் குறைந்திருக்கும்.

கேள்வி: வைகாசிக் கடைசியில் பாதை போட்டோம். ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் அன்று பின்னேரமே மேலே மயிர் மாதிரிக் கோடுகள் ஓடத் தொடங்கிவிட்டன, இரண்டு நாளில் சிலந்தி வலை போலாகிவிட்டது. கலவை சரியாகத்தான் போட்டார்கள், நானே பக்கத்தில் நின்றேன். கல்லில் பிழையா, சீமெந்தில் பிழையா?
– வேலணை வாசகர்

இரண்டிலும் பிழையில்லை. சோழகத்தில் பிழை.

வைகாசி தொடங்கினால் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கத் தொடங்கும், தீவுப்பக்கத்தில் அதன் வேகத்தை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. துணி காயப் போட்டால் அரை மணித்தியாலத்தில் காய்கிறதல்லவா, அதே வேலையைத்தான் அது உங்கள் கொங்கிறீட்டிலும் செய்தது. பச்சைக் கொங்கிறீட்டின் உள்ளேயிருந்து கசிந்து மேலே வருகிற தண்ணீரை விட, காற்றும் வெயிலும் உறிஞ்சுகிற தண்ணீர் கூடிவிட்டால், மேல்தோல் மட்டும் சுருங்கும், அடி சுருங்காது. அப்போது தோல் கிழிந்துதான் ஆகும். இப்படியான கீறல் போட்ட முதல் சில மணித்தியாலங்களிலேயே வந்துவிடும். நீங்கள் அன்று பின்னேரமே கண்டதாக எழுதியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. பத்து மணிக்குப் பிறகுதான் என்று ஊகிக்கிறேன், சல்லி லொறி வரப் பிந்தியிருக்கும், எங்கும் நடக்கிற கதைதான். சோழக மாதங்களில் போட்டே ஆக வேண்டுமென்றால் விடியப்புறம் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் சாய்ந்த பிறகு. முதல் நாளே அடி மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள், தாகத்தோடு இருக்கிற மண் கலவையின் தண்ணீரைக் கீழிருந்து குடிக்கும். காற்று வருகிற பக்கத்தில் கிடுகால் ஆளுயர மறைப்புக் கட்டுங்கள். மட்டம் தட்டி முடிந்த இடத்தைப் பின்னாலேயே பொலித்தீனால் மூடிக்கொண்டு வாருங்கள். முழுக்க முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் போட்ட இடம் போய்விடும். இறுகியபின் சாக்கை விரித்துத் தண்ணீர் விடலாம்.

ஆனால் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆடி ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய்விடும், கரையோரத்திலும் தீவுகளிலும் பல கிணறுகளில் உவர்ப்பும் ஏறிவிடும். அந்தத் தண்ணீரில் கலவை போட்டால், உள்ளே கம்பி இருந்தால், உப்பு அதைத் தின்னும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கொங்கிறீட் பொருக்காகக் கழரும். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் அந்தக் கிணற்றை விட்டுவிட்டுப் பவுசர் தண்ணீர் எடுங்கள். கடற்கரை மணலும் வேண்டாம், கழுவித் தருகிறோம் என்றாலும் வேண்டாம்.

உங்கள் பாதைக்கு வருகிறேன். மயிர்க் கோடுகளுக்காக உடைக்கத் தேவையில்லை. ஒரு பழைய ஐந்து ரூபாய்க் குத்தியின் விளிம்பு உள்ளே போகிற அளவுக்கு அகலமாக இருந்தால் மட்டும் துப்புரவாக்கிச் சீமெந்துப் பால் விட்டு அடைத்துவிடுங்கள். பார்க்க வடிவாக இராது, ஓடும்.

கேள்வி: கொங்கிறீட்டுக்குத்தானே மழை கூடாது, இன்டர்லொக் கல் பதிக்க மழை என்ன வெயில் என்ன என்று கல் விற்பவர் சொல்கிறார். கார்த்திகையில் பதித்தால் விலையிலும் கழித்துத் தருவாராம். நம்பலாமா?
– சாவகச்சேரி வாசகி

கல்லை வாங்குங்கள், பதிப்பதை நம்பாதீர்கள். கழிவு விலைக்குக் கல்லை வாங்கி வளவில் அடுக்கி வையுங்கோ, மழையில் நனைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதுவரைக்கும் அவர் சொல்வது உண்மை.

பதிப்பதென்றால், கல்லுக்குக் கீழே ஒரு அங்குல மணல் மெத்தை போட்டு மட்டக் கோலால் இழுக்க வேண்டும். அதன் மேல் ஒரு மழை விழுந்தால் மெத்தை குழம்பிவிடும், மறுபடி கிளறி இழுக்க வேண்டும். கடைசியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நைஸ் மணலைப் பரப்பிக் கூட்டி இறக்க வேண்டும். இந்த மணல் சீனி மாதிரிக் காய்ந்து இருந்தால்தான் இடுக்குக்குள் இறங்கும், ஈர மணல் மேலேயே நின்றுவிடும். கற்களைப் பிணைத்து வைத்திருப்பதே அந்த இடுக்கு மணல்தான். அது இறங்கவில்லையென்றால் கற்கள் ஒன்றையொன்று பிடிக்காது, ரயர் திரும்புகிற இடத்தில் பல்லு ஆடுகிற மாதிரி ஆடத் தொடங்கும். கார்த்திகையில் சாவகச்சேரியில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது, அடுப்பில் வறுத்தா எடுப்பது?

மாசியிலிருந்து புரட்டாதி நடு வரை எப்போது வேண்டுமானாலும் கல் பதிக்கலாம். சோழகமும் கொங்கிறீட்டைப் படுத்துகிற மாதிரி இதைப் படுத்தாது, தண்ணீர் தேக்கவும் வேண்டாம், அன்றைக்கே கார் ஏற்றலாம். மாரி வர ஒரு மாதமாவது முன்னர் முடித்துவிட்டால் நல்லது, மணல் ஒரு தரம் இறங்கியபின் மறுபடி பரப்பிக் கூட்ட நேரம் கிடைக்கும். கார் என்றால் 60 மில்லிமீற்றர்க் கல், லொறி வருமென்றால் 80. இரண்டு ஓரத்திலும் கொங்கிறீட் கரை கட்டாமல் கல் பதிக்க விடாதீர்கள், கரையில்லாத கல் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளவுக்குள் நடந்து போகும்.

கேள்வி: நான் இருப்பது ஸ்காபரோவில். தங்கச்சி அனுப்பி உங்கள் பகுதியை வாசிப்பேன். எங்கள் வீட்டு முன்பக்கத்துத் தார்ப் பாதை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஊர்க்கணக்கு இங்கே சரிவராது என்று தெரியும், இருந்தாலும் எந்த மாதம் நல்லது என்று சொல்லுங்கள்.
– கனடா வாசகர்

ஊர்க்கணக்கைத் தலைகீழாகப் பிடியுங்கள். எங்களுக்கு எதிரி மழை, உங்களுக்கு எதிரி உறைகிற தண்ணீர். தாரில் இருக்கிற கீறலுக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, ஏறத்தாழ ஒன்பது வீதம் பெருக்கும். உருகும், மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் கீறலை ஆப்பு வைத்துப் பிளக்கிற மாதிரித்தான்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை உங்கள் காலம். மார்ச் ஏப்ரலில் பனி உருகி நிலம் சொதசொதவென்று இருக்கும், எங்கள் கார்த்திகை நிலம் மாதிரி. ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு வேறு சிக்கல். சுடுதார்க் கலவை 150 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வரும், குளிர்ந்த நிலத்தில் கொட்டினால் ரோலர் ஓடி முடிய முன்னரே ஆறிவிடும், ஆறியதை இறுக்க முடியாது. கொங்கிறீட் போடுவதென்றால் ஓகஸ்டுக்குள் முடித்துவிட்டால் மனதுக்கு நிம்மதி, முதல் உறைபனிக்கு முன் அது நன்றாக முற்றியிருக்கும். காற்றுக் குமிழ் சேர்த்த கலவைதானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள், அந்த நுண்குமிழ்கள்தான் உறைகிற தண்ணீருக்கு ஒதுங்க இடம் கொடுக்கும். முதல் குளிர்காலத்தில் அதன் மேல் உப்புப் போட வேண்டாம், வழுக்கினால் மணலைத் தூவுங்கள். தோண்ட முன்னர் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்குச் சொல்லி நிலத்துக்குக் கீழே போகிற காஸ், மின்சாரக் குழாய்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள், அது அங்கே சட்டப்படி கட்டாயம்.

ஒரே ஒரு சங்கடம். நீங்கள் ஊருக்கு வந்து நல்லூர்த் திருவிழா பார்க்கிற அதே ஆடி ஆவணியில்தான் அங்கே வேலை நடக்க வேண்டும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மட்டும் போட விடாதீர்கள், தார் இரண்டரை அங்குலமா ஒன்றரை அங்குலமா என்பது ரோலர் ஓடியபின் யாருக்கும் தெரியாது.

கேள்வி: பாதைக்கும் நாள் பார்க்க வேண்டுமா? ஆடியில், மார்கழியில் தொடங்கக் கூடாது என்கிறா அம்மா.
– நல்லூர் வாசகி

வீட்டுக்கு அத்திவாரம் போடத்தான் நாள் பார்ப்பார்கள், பாதைக்குப் பார்த்ததாக நான் அறியேன். ஆனால் அம்மாவோடு வாதாட வேண்டாம். மார்கழி ஈரத்துக்கும் கூடாது, ஆடி காற்றுக்கும் கூடாது. அம்மா என்ன காரணத்துக்குச் சொன்னாலும் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

கேள்வி: நவாலிப் பக்கம் பள்ளக் காணி வாங்கி வீடு கட்டி, இந்தப் பங்குனியில் முற்றத்துக்கு மூன்றடி உயரத்துக்கு மண் நிரப்பினோம். அண்ணா குடும்பம் லண்டனிலிருந்து ஜூலையில் வருகிறது. அதற்குள் பாதைக்கு இன்டர்லொக் போட்டு வடிவாக்கிவிட வேண்டும் என்று அவரே காசும் அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, போதும்தானே?
– பெயர் வேண்டாம் என்கிற வாசகர்

பதிக்க இரண்டு வாரம் போதும். அதற்குப் பிறகு அதைப் பார்த்துக் கவலைப்படத்தான் மிச்சக் காலம் முழுவதும்.

மூன்றடி நிரப்பிய மண்ணை நீங்கள் ஒவ்வொரு அரை அடிக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி ஏற்றியிருந்தால் பேச்சு வேறு. எனக்குத் தெரிந்து யாரும் அப்படிச் செய்வதில்லை, டிப்பர் கொட்டும், ஒரு மெஷின் வந்து வழித்துவிடும், முடிந்தது. அந்த மண்ணுக்குள் இருக்கிற காற்றெல்லாம் வெளியேறி மண் தன்பாட்டில் உட்காருவதற்கு ஒரு மாரி வேண்டும். 2008 நவம்பரில் நிஷாப் புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளம் எங்கே நிற்கும் என்று தெரியும், வழுக்கியாறு போகிற திசைக்குக் கிட்டத்தான் இருக்கிறீர்கள். அயலில் இருக்கிற பழைய ஆட்களிடம் கேளுங்கள், வெள்ளம் எத்தனையாம் படி வரை வந்தது என்று. கட்டாயம் சொல்வார்கள், தேத்தண்ணியும் தருவார்கள்.

அண்ணாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: இந்த வருஷம் கிறவல் மட்டும் பரப்பி இறுக்குகிறோம், ஓரத்துக்குக் கல் வைத்துத் துப்புரவாக வைத்திருப்போம், இந்த மாரி கழியட்டும், வருகிற மாசியில் கல் பதிக்கிறோம். அவர் குறை நினைப்பார், பரவாயில்லை. இப்போதே பதித்து, அடுத்த முறை அவர் வரும்போது பாதை தொட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டு நடுவில் தவளை கத்தினால் அதைவிடக் குறை நினைப்பார். காத்திருக்கிற இந்த இடைவெளியில் பாதைக்குக் குறுக்கே நிலத்துக்கடியில் இரண்டு நாலங்குலக் குழாயை வெறுமனே புதைத்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் இணைப்போ கமரா வயரோ பிறகு இழுக்க வேண்டி வந்தால் கல்லைக் கிளப்பத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கேற்றுக்கு வெளியே வீதியோர வெள்ள வாய்க்காலை மண் போட்டு மூடிப் பாதையை நீட்டிவிடாதீர்கள். அது உங்களுடையது இல்லை, பிரதேச சபையிடம் கேட்டு, தண்ணீர் போகக் குழாயோ மதகோ வைத்துத்தான் மேலே பாதை போடலாம். அந்த அனுமதிக்கும் நாள் எடுக்கும், ஆவணியிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: முற்றம் முழுவதற்கும் கல் பதித்துவிட்டால் கூட்டவும் சுகம், சேறும் இல்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ மனம் வரவில்லை. என் தயக்கத்தில் ஏதாவது நியாயம் இருக்கிறதா, இல்லை வயது போன தயக்கம்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்

நியாயம் இருக்கிறது, ரீச்சர், கணக்கும் இருக்கிறது. உங்களுக்குக் கணக்குச் சொல்ல நான் யார், இருந்தாலும் கேளுங்கள். ஐந்நூறு சதுர அடிப் பாதை ஒன்றின் மேல் மட்டும் ஒரு வருஷத்தில் விழுகிற மழை ஐம்பதாயிரம் லீற்றருக்கு மேல். உரும்பிராய்ச் செம்மண்ணில் விழுகிற அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள் போய்ச் சேர்ந்து, உங்கள் கிணற்றிலோ அயலார் கிணற்றிலோ திரும்ப வரும். எங்களுக்கு மலையிலிருந்து வருகிற ஆறு கிடையாது, நிலத்தடியில் நல்ல தண்ணீர் சேருவது இந்த ஒரு மழையால்தான். முற்றம் முழுவதையும் மூடிச் சரிவு கொடுத்து வீதிக்கு விட்டால், தண்ணீர் வாய்க்காலால் கடலுக்குப் போய்விடும், ஆவணியில் நீங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பிள்ளைகள் சொல்கிற சேறும் உண்மைதான், செம்மண் சேறு வெள்ளை நிலத்தை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். அதனால் இரண்டு தடமாகப் போடுங்கள். கார்ச் சில்லு ஓடுகிற இடத்தில் மட்டும் இரண்டு அடி அகலத்தில் இரண்டு கொங்கிறீட் தடம், நடுவில் புல்லு. செலவும் பாதிக்குக் கிட்டக் குறையும். வீட்டு வாசலடியில் ஒரு பத்துக்குப் பத்து அடிக்கு மட்டும் கல் பதித்தால் செருப்போடு சேறு உள்ளே வராது. மிச்ச முற்றம் முற்றமாகவே இருக்கட்டும். பாதையின் சரிவை வீதிக்குக் கொடுக்காமல் மாமரத்தடிக்கோ தென்னைப் பாத்திக்கோ திருப்பிவிடுங்கள். மாமரத்துக்கு மிகக் கிட்டவாகத் தடம் போக வேண்டாம், பத்து வருஷத்தில் வேர் கொங்கிறீட்டைத் தோளில் தூக்கிவிடும்.

காலம்? உங்களுக்கும் மாசிதான். உரும்பிராயில் மரக்கறித் தோட்டத்துக்கு ஆள் தேடுகிற நேரம் அது, ஆகவே மேசனுக்கும் கையாளுக்கும் மார்கழியிலேயே சொல்லி வையுங்கள்.

கேள்வி: போட்டு எத்தனை நாளில் கார் ஏற்றலாம்?
– மானிப்பாய் வாசகர்

நடக்க இரண்டாம் நாள். கார் ஏற்ற ஏழு நாள், அந்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கும், பத்து நாள் பொறுத்தால் இன்னும் நல்லது. மணல் ஏற்றிய டிப்பரை இருபத்தெட்டு நாளுக்கு கேற்றுக்கு வெளியிலேயே கொட்டச் சொல்லுங்கள். முதல் இரவு கேற்றைப் பூட்டி, அயல் வீட்டு நாய் பூந்து வருகிற வேலி ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். என் பாதையை இரண்டாம் தரம் ஒரு நல்ல மாசியில், எல்லாம் முறைப்படி பார்த்துத்தான் போட்டேன். கேற்றிலிருந்து கிணற்றடி வரை ஒரு நாய் நிதானமாக நடந்து போன தடம் இன்றைக்கும் அதில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதன் மேல் கால் வைத்து வைத்துத்தான் கேற்றடிக்குப் போவார்கள்.